ஊரே புகழும் கேம் ஒட்டவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

எல்டன் ரிங், விட்சர் 3, ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, ஹாலோ நைட். "காசு கொடுத்து வாங்கிவிட்டேன், உள்ளே போகவே முடியவில்லை" என்று நண்பர்களும் சித்தப்பா பிள்ளைகளும் என்னிடம் கொண்டுவரும் புகார்களில் இந்தப் பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. விருது வாங்கிய கேம், எல்லாரும் கொண்டாடும் கேம், தள்ளுபடியில் வேறு கிடைத்தது. ஆனால் இரண்டாம் நாளே திறக்க மனம் வரவில்லை.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து, "பத்து மணி நேரம் பொறுத்துக்கோ, அப்புறம் பார்" என்பது. என்னைக் கேட்டால் அதைக் கடைசியில்தான் செய்ய வேண்டும். ஒரு செட்டிங்கை மாற்ற ஒரு நிமிடம் போதும். வேறு திசையில் நடந்து பார்க்க அரை மணி. பத்து மணி நேரம் என்பது வேலைக்குப் போகிறவருக்கு இரண்டு வாரத்து ஓய்வு. அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் மலிவான காரணத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடுங்கள்.

## எந்த அறிகுறியானாலும்: முதலில் மணியைப் பாருங்கள்

கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் வாங்கியிருந்தால், வாங்கி 14 நாட்களுக்குள், விளையாடிய நேரம் 2 மணி நேரத்துக்குள் இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கேமை நிறுத்தி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாலும் அந்த மணி ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

சிக்கல் என்னவென்றால், விட்சர் 3இன் தொடக்கமான வெள்ளைத் தோட்டப் பகுதியும் ரெட் டெட் 2இன் முதல் அத்தியாயமான பனிமலையும் முடிவதற்குள்ளேயே பலருக்கு இரண்டு மணி நேரம் கடந்துவிடும். உண்மையான கேம் தொடங்கும் முன்பே கெடு முடிகிறது. நல்லவேளையாக, கீழே வரும் முதல் இரண்டு அறிகுறிகளும் அரை மணிக்குள் தெரிந்துவிடுபவை. அவற்றை அந்த இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சோதித்துவிடுங்கள். மற்றவை தெரிய நேரம் எடுக்கும். அதற்குள் பணம் போனது போனதுதான்.

## தலை சுற்றுகிறது, குமட்டுகிறது

கேம் மோசமில்லை, நீங்களும் மோசமில்லை. கண்ணுக்கும் உடலின் சமநிலையைக் கவனிக்கும் உட்காதுக்கும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். முதல்நபர் பார்வையில், அதாவது பாத்திரத்தின் கண் வழியாகவே பார்த்து ஓடும் கேம்களில் இது அதிகம். ஹாஃப்-லைஃப் 2 (2004) இதற்குப் பேர்போனது. அதில் படகு ஓட்டும் பகுதியோடு நிறுத்திவிட்டவர்கள் நிறையப் பேர்.

செய்ய வேண்டியது, இந்த வரிசையில்:

1. மோஷன் பிளர், கேமரா ஷேக், ஹெட் பாப் என்று செட்டிங்ஸில் எது கண்ணில் பட்டாலும் அணைத்துவிடுங்கள்.
2. எஃப்ஓவி எனப்படும் பார்வைக் கோணத்தைக் கூட்டுங்கள். ஹாஃப்-லைஃப் 2 பிறந்தது 75 பாகையில். மானிட்டருக்கு முன்னால் மூக்கு இடிக்க உட்காருகிறவர்களுக்கு 90 பக்கம் வைத்தால் ஆறுதலாக இருக்கும். டிவியிலிருந்து தள்ளி உட்காருகிறவர்களுக்கு இது அவ்வளவு முக்கியமில்லை.
3. பிரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். கன்சோலில் பெர்ஃபாமன்ஸ் மோட் இருந்தால் போடுங்கள். கணினியில் முதலில் நிழல்களின் தரத்தைக் குறையுங்கள். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது, ஓட்டம் சீராகும்.
4. அறை விளக்கைப் போடுங்கள். திரையிலிருந்து ஓரடி பின்னால் நகருங்கள். வெறும் வயிற்றில் விளையாடாதீர்கள்.

மாற்றிய பிறகு பதினைந்து நிமிடம் மட்டும் விளையாடிப் பாருங்கள். குமட்டல் தொடங்கிவிட்டால் அன்றைக்கு அத்தோடு சரி. பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால் அடுத்த நாளும் அந்த கேமின் இசை கேட்டாலே வயிறு புரளும்.

நிபுணரிடம் எப்போது: மறுநாள் காலையிலும், கேமே இல்லாத நேரத்திலும் தலை சுற்றினால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். திரையில் ஒளி மின்னும்போது நினைவு தப்புவது, கைகால் வெட்டி இழுப்பது போல ஏதாவது நடந்தால் உடனே நிறுத்திவிட்டு நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். இதில் செட்டிங்ஸ் எதையும் சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

## கை சொல்வதை கேம் கேட்கவில்லை

"நான் இடதுபக்கம் தள்ளினால் அவன் யோசித்துவிட்டுப் போகிறான்." இந்தப் புகார் பெரும்பாலும் விட்சர் 3, ரெட் டெட் 2 இரண்டையும் பற்றித்தான் வரும்.

### எல்லா கேம்களிலும் இப்படியா?

ஆம் என்றால் தவறு கேமில் இல்லை. டிவியில் கேம் மோட் அணைந்திருக்கும். படத்தை அழகாக்குகிறேன் என்று டிவி செய்யும் வேலையெல்லாம் தாமதத்தைக் கூட்டும். நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் இதுதான் காரணம். ரிமோட்டில் பட அமைப்புக்குப் போய் கேம் மோடுக்கு மாற்றுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் கண்ட்ரோலரை வயரில் இணைத்துப் பாருங்கள். வயரில் சரியாகிவிட்டால் புளூடூத்தான் சிக்கல்.

### ஸ்டிக்கைத் தொடாமலே கேமரா நகர்கிறதா?

டிரிஃப்ட். கேம் செட்டிங்ஸில் டெட் ஸோன் (ஸ்டிக்கின் சின்ன அசைவை கேம் கண்டுகொள்ளாத எல்லை) அளவைக் கொஞ்சம் கூட்டினால் பல மாதம் ஓட்டலாம். அதிலும் அடங்கவில்லை என்றால் உள்ளே இருக்கும் ஸ்டிக் பாகத்தையே மாற்ற வேண்டும். சால்டரிங் வேலை அது; பழக்கமில்லாமல் கை வைக்காதீர்கள். வாரண்டி இருந்தால் திருகாணியையே தொடாமல் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். வாரண்டி முடிந்திருந்தால் மொபைல் சர்வீஸ் கடைகளில் சிலர் செய்து தருகிறார்கள். கூலியைக் கேட்டுவிட்டு, புது கண்ட்ரோலர் விலையில் பாதியைத் தாண்டினால் புதிதே வாங்கிக்கொள்ளலாம்.

### இந்த ஒரு கேமில் மட்டுமா?

விட்சர் 3 என்றால்: ஆப்ஷன்ஸில் கேம்பிளே பகுதியில் மூவ்மென்ட் ரெஸ்பான்ஸ் என்று ஒன்று இருக்கும். அதை ஆல்டர்னேட்டிவ் ஆக்குங்கள். நாயகன் கெரால்ட் கதவு நிலையில் முட்டிக்கொண்டு நிற்பது குறையும். 2015இல் கேம் வந்தபோது இது கிடையாது; கைக்கு அடங்கவில்லை என்று பலர் முறையிட்ட பிறகு ஒரு பேட்ச் வழியாகச் சேர்த்தார்கள். ஆனால் இன்றைக்கும் பழைய முறைதான் இயல்பாக வருகிறது, ஏனென்று எனக்குப் புரிந்ததில்லை. சண்டையில் குவென் என்ற மந்திரக் கவசம் எப்போதும் போட்டிருக்கட்டும். குதிரையில் போகும்போது வேகப் பொத்தானை மட்டும் அழுத்திக்கொண்டு ஸ்டிக்கை விட்டுவிடுங்கள், ரோச் தானே சாலையைப் பிடித்துப் போகும்.

ரெட் டெட் 2 என்றால்: நாயகன் ஆர்தர் மார்கன் பாரம் ஏற்றிய மாட்டு வண்டி மாதிரிதான் திரும்புவான். அது பழுதில்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். செட்டிங்ஸால் தீராது, பழக்கத்தால் கொஞ்சம் தீரும். ஊருக்குள் நுழையும் முன் துப்பாக்கியை உறையில் போடுங்கள். இந்த கேமில் ஆளைப் பார்த்துப் பேசும் பொத்தானும் துப்பாக்கியைக் குறிவைக்கும் பொத்தானும் ஒன்றேதான். வணக்கம் சொல்லப்போய்க் கொலைக்கேஸில் மாட்டுவது இதனால்தான். கூட்டாளியோடு குதிரையில் போகும்போது வேகப் பொத்தானை விடாமல் பிடித்தால் அவர் வேகத்துக்கு உங்கள் குதிரையும் ஒத்துப்போகும். தனியாக நெடுந்தூரம் என்றால் மேப்பில் இடத்தைக் குறித்துவிட்டு, சினிமா கேமராவைப் போட்டு விடுங்கள். குதிரை சாலை வழியே தானாகப் போகும். நீங்கள் காபி குடிக்கலாம்.

இவ்வளவும் செய்தும் எரிச்சல் போகவில்லை என்றால் ரெட் டெட் 2 உங்களுக்கு ஆகாது. இதில் தயங்க வேண்டாம். கடைசி அத்தியாயம் வரை ஆர்தர் அதே வேகத்தில்தான் நடப்பான்.

## ஒரே இடத்தில் செத்துச் செத்து வெறுத்துவிட்டது

அதிகம் வருவது இந்த அறிகுறிதான். அதிலும் முக்கால்வாசி எல்டன் ரிங் (2022). "எனக்குத் திறமை இல்லை" என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். திறமை கடைசிக் காரணம். அதற்கு முன்னால் சோதிக்க ஒரு வண்டி விஷயம் இருக்கிறது.

### வெளியே வந்ததும் தங்கக் குதிரைக்காரன் கொல்கிறானா?

ட்ரீ சென்டினல். அவனோடு சண்டை போடவே வேண்டாம். சுற்றிக்கொண்டு போங்கள். அந்த கேம் சொல்லித்தரும் முதல் பாடமே அதுதான்: முடியாத இடத்தை விட்டுவிட்டுப் பிறகு திரும்பி வா. பெரும்பாலான கேம்கள் முன்னால் நிற்பவனை அடித்தால்தான் கதவைத் திறக்கும் என்று நம்மைப் பழக்கிவிட்டதால் இது மண்டையில் ஏற நேரம் பிடிக்கிறது.

அதற்கும் முன்னால், இருட்டுக் கல்லறையில் ஒரு பள்ளம் இருக்கும். பக்கத்தில் ஓர் உருவம் உட்கார்ந்திருக்கும். அந்தப் பள்ளத்தில் குதித்தால்தான் பயிற்சிப் பகுதி. ஆழம் பார்த்துப் பயந்து குதிக்காமல் போனவர்கள், தடுப்பது எப்படி, தடுத்த கையோடு திருப்பி அடிப்பது எப்படி என்று எதுவுமே தெரியாமல் பல மணி நேரம் விளையாடியிருக்கிறார்கள்.

### எந்தப் பாத்திர வகுப்பில் தொடங்கினீர்கள்?

ரெச் என்றால் உங்களிடம் இருப்பது ஒரு தடியும் இடுப்புத் துணியும்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் விளையாடவில்லை என்றால் அழித்துவிட்டு வேகபாண்ட் அல்லது சாமுராயாகத் தொடங்குங்கள். தூரத்திலிருந்து அடிக்க விருப்பம் என்றால் அஸ்ட்ராலஜர்.

### குதிரையும் அழைப்பு மணியும் கையில் இருக்கின்றனவா?

இல்லையென்றால், வெட்டவெளியில் தங்க ஒளியாகத் தெரியும் கிரேஸ் புள்ளிகளில் (ஓய்விடங்கள்) உட்கார்ந்து எழுந்துகொண்டே போங்கள். மூன்றாவது புள்ளி வாக்கில் மெலினா என்ற பெண் வருவாள். லெவல் ஏற்றுவதும் டாரென்ட் என்ற குதிரையும் அவளிடமிருந்துதான். குதிரை கிடைத்த பிறகு எல்லே தேவாலயத்துக்குத் திரும்பினால் ரென்னா என்ற சூனியக்காரி உட்கார்ந்திருப்பாள். அவளிடம் பேசினால் மணியும் மூன்று ஓநாய்களின் சாம்பலும் தருவாள். மணியை அடித்தால் அந்த ஓநாய்கள் ஆவியாக வந்து, பாஸ் எனப்படும் பெரிய எதிரியின் கவனத்தைப் பிரிக்கும். அந்த இடைவெளியில் நீங்கள் மருந்து குடிக்கலாம். ரென்னாவைத் தவறவிட்டவர்கள் ரவுண்ட்டேபிள் ஹோல்ட் என்ற கூடத்தில் இரட்டைப் பெண்களின் கடையில் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். மணி இல்லாமலே பாதி கேமை முடித்தேன் என்று பெருமை பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெருமை அவர்களோடு இருக்கட்டும், நீங்கள் மணியை வாங்குங்கள்.

### உருளும்போது தொப்பென்று விழுகிறானா?

ஸ்டேட்டஸ் பக்கத்தில் எக்விப் லோட் (மாட்டியிருக்கும் பொருட்களின் சுமை) பாருங்கள். சுமை 70 சதவீதத்தைத் தாண்டினால் உருளல் கனத்துவிடும். கனமான மார்புக் கவசத்தைக் கழற்றுங்கள். அழகு போகும், உயிர் நிற்கும்.

### மார்கிட்டிடம் மாட்டியிருக்கிறீர்களா?

ஸ்டார்ம்வேல் கோட்டை வாசலில் நிற்கும் அந்தக் கோல்காரனிடம்தான் கேமை விட்டவர்களின் கூட்டம் நிற்கிறது. தங்க ஒளி கோட்டையைக் காட்டுவதால் நேரே வந்துவிட்டிருப்பீர்கள். அந்த ஒளி சொல்வது கதை எங்கே போகிறது என்பதைத்தான். இப்போதே போ என்று அது சொல்லவில்லை.

தெற்கே பாலத்தைக் கடந்து வீப்பிங் பெனின்சுலாவுக்குப் போங்கள். அங்கே இருக்கும் தேவாலயங்களில் சேக்ரட் டியர் கிடைக்கும். மருந்துக் குப்பியின் வீரியம் கூடும். வழியில் ஸ்மிதிங் ஸ்டோன்கள் பொறுக்கிக்கொள்ளுங்கள். எல்லே தேவாலயத்தில் இருக்கும் பட்டறைக் கல்லிலேயே ஆயுதத்தை +3 வரை ஏற்றலாம். லெவலில் கிடைப்பதை முதலில் உயிர் அளவைக் கூட்டும் விகரில் போடுங்கள். அது 20ஐத் தொடும்வரை வேறு எதிலும் போடாதீர்கள் என்பது என் கணக்கு. அடி பலமாக விழ வேண்டும் என்று எல்லாவற்றையும் ஸ்ட்ரென்த்தில் கொட்டிவிட்டு இரண்டே அடியில் சாகிறவர்கள்தான் அதிகம்.

இதையெல்லாம் செய்து திரும்பி வாருங்கள். மார்கிட்டிடம் போகும் மூடுபனி வாசலுக்கு முன்னால் ரோஜியர் என்ற துணைவனின் தங்க நிறக் குறி தரையில் இருக்கும், கூப்பிட்டுக்கொள்ளுங்கள். மர்க்வாட்டர் குகையில் பேட்சஸ் என்பவன் கடை போட்ட பிறகு 5,000 ரூனுக்கு (அந்த கேமின் காசு) மார்கிட்டைத் தரையோடு கட்டிப்போடும் விலங்கு ஒன்று விற்பான். அதுவும் உதவும்.

இனிதான் திறமை. மார்கிட் கோலை ஓங்கிவிட்டு அப்படியே நிறுத்துவான். ஓங்கியதைப் பார்த்து உருண்டால் எழும்போது அடி விழும். இறங்குவதைப் பார்த்து உருளுங்கள். இந்த ஒன்று பழகிவிட்டால் மீதி கேமில் பாதி பழகிவிட்ட மாதிரி.

நிபுணரிடம் எப்போது: இந்த கேமில் நிபுணரைக் கூப்பிடும் வசதி உள்ளேயே இருக்கிறது. ஃபர்ல்காலிங் ஃபிங்கர் ரெமடியைப் பயன்படுத்தினால் மற்ற ஆட்டக்காரர்களின் தங்கக் குறிகள் தெரியும், ஒருவரை இழுத்துக்கொள்ளலாம். 2022இல் ஒருவர், தலையில் பானையைக் கவிழ்த்துக்கொண்டு, உடம்பில் கவசமே இல்லாமல், மலேனியா என்ற மிகக் கடினமான பாஸைப் பிறருக்காகத் தனியாளாக முடித்துக்கொடுத்தே உலகப் புகழ் பெற்றார். பிளேஸ்டேஷனில் இதற்கு பிளஸ் சந்தா வேண்டும். கணினியில் தனிச் செலவு கிடையாது.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு சோதனை. சாகும்போது உங்களுக்கு "சே, இன்னொரு தடவை" என்று வருகிறதா, "ஐயோ, இன்னொரு தடவையா" என்று வருகிறதா? இரண்டாவது என்றால் நிறுத்திவிடலாம். இந்த வகை கேமில் தோற்பதுதான் பொழுதுபோக்கு. அது பிடிக்காமல் ஜெயிப்பதற்காக மட்டும் விளையாடினால் மிஞ்சுவது களைப்பு.

சுலப மோட் உள்ள கேம் என்றால் இவ்வளவு பாடு கிடையாது. ஹேடிஸில் காட் மோட் போட்டால் அடி 20 சதவீதம் குறையும். ஒவ்வொரு சாவுக்கும் இன்னும் 2 சதவீதம், 80 வரை. செலெஸ்ட் கேமில் அசிஸ்ட் மோட். போட்டுக்கொள்ளுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை.

பழைய டார்க் சோல்ஸ் (2011) என்றால் ஒரே கேள்வி: தொடக்க இடமான ஃபயர்லிங்கிலிருந்து கல்லறைப் பக்கம் போய் எலும்புக்கூடுகளிடம் சாகிறீர்களா? மலையோரம் படியேறி மேலே போங்கள். நீங்கள் முதலில் போக வேண்டிய அன்டெட் பர்க் அங்கேதான்.

## எங்கே போவது, என்ன செய்வது என்றே தெரியவில்லை

ஹாலோ நைட் (2017): மேப் தானாக வரையப்படும் என்று நினைத்தால் தொலைந்தீர்கள். ஒவ்வொரு பகுதியிலும் கார்னிஃபர் என்ற வரைபடக்காரன் எங்கோ உட்கார்ந்து முனகிக்கொண்டிருப்பான். தரையில் காகிதங்கள் சிதறிக் கிடந்தாலோ முனகல் கேட்டாலோ அவன் பக்கத்தில்தான். அவனிடம் அந்தப் பகுதியின் மேப்பை வாங்குங்கள். அப்புறம் மேலே டர்ட்மவுத் ஊரில் அவன் மனைவி இசெல்டாவின் கடையில் இறகுப் பேனாவும் திசைகாட்டி சார்மும் (மாட்டிக்கொள்ளும் தாயத்து) வாங்குங்கள். பேனா இல்லாமல் நீங்கள் நடந்த இடம் மேப்பில் சேராது. சார்ம் இல்லாமல் நீங்கள் நிற்கும் இடம் தெரியாது. பெஞ்சில் உட்காரும்போதுதான் மேப் புதுப்பிக்கப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள். இந்த கேமை விட்டவர்களில் பெரும்பாலோர் முதல் சில மணி நேரத்தை மேப்பே இல்லாமல் ஓட்டியவர்கள்.

எல்லாம் வாங்கியும் பசுமைப் பாதை என்ற அடுத்த பகுதிக்கு வழி அடைத்திருக்கிறதா? உருண்டையாகச் சுருண்டு கிடக்கும் பூச்சி ஒன்று மறிக்கும். ஆணி எனப்படும் உங்கள் வாளால் அடித்துக்கொண்டிருக்க வேண்டாம். நத்தை மந்திரவாதியின் மேட்டுக்குப் போய் மந்திரத்தை வாங்கி வந்து, அதை ஏவுங்கள். பசுமைப் பாதையில் ஹார்னெட் என்ற பாஸைத் தாண்டி டேஷ் (சட்டென்று பாயும் திறன்) கிடைக்கும் வரை விளையாடிவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். அதற்கு முன் ஓடும் ஹாலோ நைட்டுக்கும் அதற்குப் பிறகு ஓடும் ஹாலோ நைட்டுக்கும் கையிலேயே வித்தியாசம் தெரியும்.

அவுட்டர் வைல்ட்ஸ் (2019): 22 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். "என் முன்னேற்றம் எல்லாம் போகிறதே" என்பதுதான் புகார். போகவில்லை. உங்கள் விண்கப்பலுக்குள் பின்பக்கம் இருக்கும் கணினியில் நீங்கள் கண்டதெல்லாம் பதிவாகியிருக்கும். ஒவ்வொரு முறை எழுந்ததும் முதலில் அதைப் பாருங்கள். இன்னும் பார்க்க வேண்டியது மிச்சமிருக்கும் இடங்களை அதுவே குறித்துக் காட்டும். எங்கே போவது என்று குழம்பினால் பக்கத்து நிலாவில் ஆரம்பியுங்கள். இறங்கிப் பழகவும் நல்ல இடம். ஒரு எச்சரிக்கை: ஆட்டோபைலட் குறுக்கே சூரியன் இருந்தாலும் நேராகத்தான் போகும்.

இந்த ஒரு கேமுக்கு மட்டும் வழிகாட்டி வீடியோ பார்க்காதீர்கள். ஹாலோ நைட்டுக்குத் தாராளமாகப் பாருங்கள்.

## மெதுவாகப் போகிறது, கொட்டாவி வருகிறது

இங்கே முதல் கேள்வி, எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்பது. மற்ற இடங்களில் வேண்டாம் என்று சொன்ன பொறுமைக்கு இங்கே கொஞ்சம் இடம் உண்டு, ஆனால் எல்லைக்கல்லோடு.

ரெட் டெட் 2 என்றால், பனிமலையில் இருக்கும்வரை தீர்ப்பு வேண்டாம். அது ஒற்றைத் தடம். கேம் இன்னும் திறக்கவேயில்லை. இரண்டாம் அத்தியாயத்தில் ஆர்தரின் கொள்ளைக் கூட்டம் கீழே இறங்கி முகாம் போட்ட பிறகு வாலன்டைன் ஊரில் ஒரு மாலை சும்மா சுற்றுங்கள். கதைக் குறிகளைத் தொடாமல் மதுக்கடை, ஆடு மாட்டுச் சந்தை, வழியில் உதவி கேட்கும் அந்நியர்கள் என்று அலையுங்கள். கூட்டாளி ஹோசியாவோடு கரடி வேட்டைக்குப் போய் வாருங்கள். அதிலும் ஒன்றும் தோன்றவில்லையா? விட்டுவிடலாம்.

விட்சர் 3 என்றால் எல்லைக்கல் ப்ளடி பேரன். வெலனில் அந்தக் குடிகாரப் பிரபுவின் குடும்பக் கதையை முடித்துவிட்டுப் பாருங்கள். அது உங்களை அசைக்கவில்லை என்றால் மீதிக் கதையும் அசைக்காது. அந்த கேமின் எழுத்து அதைவிடச் சிறப்பாக வரும் இடங்கள் குறைவு. ஆனால் அதற்கு முன்பே சலித்துவிட்டதென்றால் பெரும்பாலும் காரணம் மேப்பில் இருக்கும் கேள்விக்குறிகள்தான். ஒன்றுவிடாமல் துடைக்கிறேன் என்று கிளம்பியிருப்பீர்கள். ஸ்கெல்லிகே கடலில் மிதக்கும் பீப்பாய்களையெல்லாம் எடுக்கப்போய் கேமையே வெறுத்தவர்கள் உண்டு. கேள்விக்குறிகளை மறந்துவிட்டு, ஆட்கள் தரும் வேலையை மட்டும் செய்யுங்கள்.

பிரெத் ஆஃப் தி வைல்ட் (2017): வாள் உடைகிறதே என்ற எரிச்சல். உடையட்டும். நல்லதை எடுத்து வைக்காமல் முதலிலேயே பயன்படுத்துங்கள். ரத்த நிலா வரும்போது எதிரிகளும் அவர்களுடைய ஆயுதங்களும் திரும்ப வந்துவிடும். பை போதவில்லை என்றால் ககாரிகோ ஊருக்குப் போகும் வழியில் ஹெஸ்டு என்ற மர உருவத்திடம் கொரோக் விதைகளைக் கொடுங்கள்.

## வாசிக்க வாசிக்கத் தீரவில்லை

டிஸ்கோ எலிசியம் (2019). சண்டை கிடையாது, சுடுவது கிடையாது, எல்லாம் பேச்சு. அதுவும் அரசியலும் தத்துவமும் கலந்த ஆங்கிலம். நம்மில் பலருக்கு அது இரண்டாம் மொழி என்பதால் ஒரு மணி நேரத்தில் கண்ணும் மூளையும் ஓய்ந்துவிடும். 2021இல் வந்த ஃபைனல் கட் பதிப்பா என்று பாருங்கள். அதில் எல்லா வசனத்துக்கும் குரல் இருக்கிறது. கேட்டுக்கொண்டே வாசித்தால் பாதி சிரமம் போகும். ஒரே மூச்சில் உட்காராமல், ராத்திரி ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் அறையிலேயே செத்துவிட்டீர்களா? மின்விசிறியில் தொங்கும் கழுத்துப்பட்டையை எடுக்கப்போய் மாரடைப்பில் போயிருப்பீர்கள். உடல் சார்ந்த திறனை 1இல் வைத்தால் அப்படித்தான். ஒரு புள்ளியாவது கூட்டி மறுபடி தொடங்குங்கள். பகடை உருட்டித் திறனைச் சோதிக்கும் இடங்களில், வெள்ளைச் சோதனையில் தோற்றால் அந்தத் திறனை ஏற்றிவிட்டு மறுபடி முயலலாம். சிவப்புக்கு ஒரே வாய்ப்பு. தோற்றவுடன் பழைய சேவுக்குத் திரும்பாதீர்கள். தோல்வியில் வரும் காட்சிகள் பலசமயம் வெற்றியைவிட வேடிக்கையானவை.

பால்டர்ஸ் கேட் 3 (2023) பற்றிய புகார் வேறு மாதிரி: "யாரோடும் ஒட்டவில்லை, துணைக்கு வருகிறவர்கள் வாயே திறப்பதில்லை." எத்தனை முறை லாங் ரெஸ்ட் (முகாமில் இரவுத் தூக்கம்) எடுத்தீர்கள் என்று கேட்பேன். மண்டைக்குள் புழு இருக்கிறது, சீக்கிரம் சாகப்போகிறோம் என்று கதை பயமுறுத்துவதால் எடுக்காமலே ஓடியிருப்பார்கள். அந்தப் புழுவுக்கு மணி எதுவும் ஓடவில்லை. இரவு முகாமில்தான் பேச்சும் நட்பும் காதலும். எரியும் விடுதி போல ஒருசில இடங்களில் மட்டும் தூங்கிவிட்டால் நிகழ்வு முடிந்துவிடும். மற்றபடி தாராளமாகத் தூங்குங்கள். அம்பும் வாளும் சும்மா சும்மா தவறுகிறதே என்பவர்கள் உயரமான இடத்தில் நின்று எய்யுங்கள், அதுவும் போதவில்லை என்றால் எக்ஸ்ப்ளோரர் என்ற சுலப நிலைக்கு இறக்குங்கள். ஐந்தாம் லெவல் வந்ததும் சண்டை வேறு தினுசாகிவிடும்.

## எந்த கேமும் ஒட்டவில்லை

மேலே சொன்ன எதுவும் பொருந்தாமல், திறக்கிற எல்லாமே பத்து நிமிடத்தில் சலிக்கிறதென்றால் கேமை விட்டுவிட்டு உங்களைப் பாருங்கள்.

மணி இரவு பதினொன்றைத் தாண்டியா உட்காருகிறீர்கள்? நூறு மணி நேர கேமைத் தூக்கக் கலக்கத்தில் தொடங்கினால் யாருக்கும் ஒட்டாது. விடுமுறை நாள் காலையில் தொடங்கிப் பாருங்கள். போனை வேறு அறையில் வையுங்கள். லைப்ரரியில் நிறுவிய கேம்களை ஒன்று அல்லது இரண்டாகக் குறையுங்கள். பெரிய கேமுக்கு முன் மூன்று நான்கு மணி நேரத்தில் முடியும் சின்னது ஒன்றை முடித்துப் பாருங்கள்.

அப்படியும் மாறவில்லை, அதோடு சாப்பாடும் பாட்டும் நண்பர்களும்கூட ருசிக்கவில்லை, தூக்கமும் கெட்டிருக்கிறது, இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே போகிறதென்றால் மனநல மருத்துவரையோ குடும்ப மருத்துவரையோ பாருங்கள். இதைக் கேம் பிரச்சினையாக என்னிடம் கொண்டுவந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். இப்படி இருந்தால் மலிவானதிலிருந்து தொடங்கும் வரிசையைத் தாண்டி நேரே நிபுணரிடம் போகலாம்.

## கைவிடுவதென்று முடிவானால்

சேவ் கோப்பு கிளவுடில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழியுங்கள். இரண்டு வருடம் கழித்து மனம் மாறுவது சகஜம், பனிமலையை மறுபடி ஏறுவது கொடுமை. டிஸ்க்காக வாங்கியிருந்தால் சீக்கிரம் விற்றுவிடுங்கள், விலை இறங்கிக்கொண்டேதான் இருக்கும். கணினியில் ரெட் டெட் 2 மட்டும் ஏறக்குறைய 150 ஜிபி பிடிக்கும். அதை நீக்கினாலே புதிதாக எஸ்எஸ்டி வாங்கும் செலவு தள்ளிப்போகும்.

கதை மட்டும் தெரிய வேண்டும் என்றால் யாராவது விளையாடிய வீடியோவைப் பாருங்கள். விட்சர் 3, ரெட் டெட் 2 இரண்டும் அப்படிப் பார்க்கவே நன்றாக இருக்கும். அவுட்டர் வைல்ட்ஸ் மட்டும் வேண்டாம். அதில் நீங்கள் சேர்ப்பது ஆயுதமும் இல்லை லெவலும் இல்லை, தெரிந்துகொண்ட விஷயங்கள் மட்டும்தான். பார்த்துவிட்டால் பிறகு விளையாட ஒன்றும் மிஞ்சாது.